கரி உண்ட உலோகம்: தென்னார்க்காட்டு மூசையும் மாலிப்டினம் கார்பைடும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஜன்னல் வழியே தெரிவது கரும்பு, நெல், சவுக்குத் தோப்பு, பருவத்தில் மல்லாட்டைக் கொல்லை. மாலிப்டினம் கார்பைடு என்ற பெயருக்கும் இந்த ஊர்களுக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்? எம்.எஸ்சி. வேதியியல் படிப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அந்தப் பெயரே புதிதாக இருக்கும். கரித்தூளின் மேல் மாலிப்டினம் உப்பைப் பூசி, ஹைட்ரஜனில் சூடேற்றினால் கிடைக்கும் கறுப்புப் பொடி அது. பிளாட்டினம் செய்யும் வேலைகளில் சிலவற்றை அதுவும் செய்யும், ஆனால் விலை மிகக் குறைவு. அதனால்தான் உலகத்தின் பல ஆய்வகங்கள் அதன் பின்னால் அலைகின்றன.

இந்தப் பொடியின் வரலாற்றை வழக்கமாக 1973லிருந்து, அமெரிக்காவிலிருந்து தொடங்குவார்கள். அது தவறில்லை. ஆனால் அதன் அடியில் இருக்கும் வேலை, அதாவது உலோகத்தைக் கரியோடு சேர்த்து மூடிய கலத்தில் வேகவைத்து, கரியை உலோகத்துக்குள்ளேயே புகுத்தி அதன் குணத்தை மாற்றும் வேலை, மிகப் பழையது. அதற்கு நல்ல சாட்சி பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலேயே கிடக்கிறது.

விழுப்புரமும் திண்டிவனமும் அந்த மாவட்டத்தின் தாலுகாக்களாக இருந்தவை. 1993ல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி விழுப்புரம் மாவட்டமானது. 2019ல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி தனியாகப் போனது. அந்த மேற்குப் பக்கத்தில் மேல்சிறுவள்ளூர் என்று ஓர் ஊர். அங்கே உடைந்த மண் மூசைகள் குவியலாகக் கிடப்பதை 1990களில் தொல்உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து, அது உருக்கு எஃகு செய்த இடம் என்று 1994ல் எழுதினார். மூசைத் துண்டுகளில் ஒட்டியிருந்த உலோகத்தைச் சோதித்தபோது அது கரி அதிகமுள்ள எஃகு என்று தெரிந்தது. ஐரோப்பியர்கள் 'உட்ஸ்' என்று அழைத்த அதே எஃகு. நம் 'உருக்கு' என்ற சொல்தான் அவர்கள் வாயில் அப்படித் திரிந்தது என்று பலரும் கருதுகிறார்கள். டமாஸ்கஸ் வாள் என்று உலகம் புகழ்ந்ததற்கு மூலப்பொருள் இந்த வகை எஃகுதான்.

அதை எப்படிச் செய்தார்கள்? 1839ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் எழுதிய விவரம் இருக்கிறது. தேனிரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிப் போட்டு, மேலே ஓரிரண்டு எருக்க இலையை வைத்து, மூசையின் வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். மண் காய்ந்ததும் இருபது, இருபத்து நான்கு மூசைகளை ஒன்றாக உலையில் அடுக்கி, கரியால் மூடி, துருத்தி போட்டு ஊதுவார்கள். ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஆறிய பிறகு மூசையை உடைத்தால் அடியில் எஃகுக் கட்டி. கட்டியின் மேற்பரப்பில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிக் கோடுகள் விரிந்திருந்தால் நன்றாக உருகியது என்று பொருள். ஓட்டையும் மேடுமாக இருந்தால் வேகவில்லை. இன்றைய ஆய்வகத்தில் எக்ஸ் கதிர் படம் எடுத்து 'கார்பைடு ஆகிவிட்டதா இல்லையா' என்று பார்க்கிறார்களே, அந்த வேலையை அன்று கண்ணே செய்தது.

மூசைக்குள் நடப்பது இதுதான். ஆவாரங்குச்சியும் இலையும் காற்றில்லாமல் வெந்து கரியாகின்றன. அந்தக் கரி அணுக்கள் சூடான இரும்புக்குள் ஊர்ந்து போகின்றன. கரி கலந்த இரும்பு குறைந்த வெப்பத்திலேயே உருகும். அதனால்தான் மண் உலையில் இரும்பை உருக்க முடிந்தது. மெதுவாக ஆறும்போது அதிகப்படியான கரி, மூன்று இரும்பு அணுவுக்கு ஒரு கரி அணு என்ற கணக்கில், இரும்புக் கார்பைடாகப் பிரிந்து நிற்கிறது. வாளின் மேல் தெரியும் நீரோட்டம் போன்ற வரிகள் இந்தக் கார்பைடு துகள்களின் வரிசைதான். அந்த வரிசை ஏன் ஒழுங்காக அமைகிறது என்பது நெடுநாள் புதிர். அமெரிக்க உலோகவியலாளர் வெர்ஹோவனும் கொல்லர் பெண்ட்ரேயும் சேர்ந்து வாள்களைத் திரும்பச் செய்து பார்த்து 1998ல் ஒரு விடை சொன்னார்கள்: தாதுவிலிருந்தே வந்து கலந்த, கரியோடு எளிதில் சேரும் உலோகங்கள் மிகச் சிறிய அளவில் இருந்ததால்தான். அவற்றில் முதலிடம் வனேடியத்துக்கு. அடுத்து அவர்கள் சொன்ன பெயர்களில் ஒன்று... மாலிப்டினம்!

இதைப் படித்ததும் 'நம் முன்னோர் அன்றே மாலிப்டினம் கார்பைடு கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். மேல்சிறுவள்ளூர் உலைக்காரருக்கு மாலிப்டினமும் தெரியாது, வினையூக்கியும் தெரியாது. அவர் கேட்டதும் அது இல்லை. அவருக்குத் தெரிந்தது எந்த மரம், எவ்வளவு, எத்தனை நேரம், எப்படி ஆற வைப்பது என்பது. அந்த அறிவு உண்மையானது. அதற்குப் பொய்ப் பெருமை தேவையில்லை.

ஹீத்தின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் இரும்பாலை தொடங்கியவர் அவர். பரங்கிப்பேட்டையும் அன்று தென்னார்க்காடுதான். சேலத்துத் தாதுவும் சுற்றுக் காட்டு மரக்கரியும் அவருடைய மூலதனம். நாட்டு உலை கேட்கும் கரி கொஞ்சம். ஊரைச் சுற்றிய மரமே போதும். ஊதுலை அப்படி இல்லை, இரவும் பகலும் தின்றுகொண்டே இருக்கும். காடு பின்வாங்கிக்கொண்டே போக, கரி கொண்டுவரும் செலவு ஏறிக்கொண்டே போனது. கைகள் மாறி, கடன் வாங்கி, 1860களில் ஆலை மூடப்பட்டது. தாது தீர்ந்து மூடப்பட்ட ஆலை அல்ல அது. கரிதான் அதைக் கவிழ்த்த காரணங்களில் பெரியது.

இங்கிலாந்துக்குத் திரும்பிய ஹீத் 1839ல் ஒரு காப்புரிமை வாங்கினார். உருக்கும் எஃகில் சிறிது மாங்கனீஸ் கார்பைடு போட்டால் எஃகு நன்றாகப் பற்றும் என்பது அதன் சாரம். ஷெஃபீல்டு முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கார்பைடைத் தனியாகச் செய்து போடாமல், மாங்கனீஸ் ஆக்சைடையும் தாரையும் மூசைக்குள்ளேயே போட்டுவிட்டார்கள். கார்பைடு உள்ளேயே உண்டாகிக்கொண்டது. 'நாங்கள் கார்பைடு போடவே இல்லையே, காப்புரிமைக் கட்டணம் எதற்கு?' என்று கேட்டார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஹீத் 1851ல் கையில் ஒன்றுமில்லாமல் இறந்தார். மூலப்பொருள்களைப் போட்டுக் கலத்துக்குள்ளேயே கார்பைடை விளைவிக்கும் அந்தத் தந்திரத்தைத்தான் இன்றைய வினையூக்கி ஆய்வாளர்களும் செய்கிறார்கள். அவர்கள் மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை.

இந்த எஃகுக் கதைக்கும் பிளாட்டினக் கதைக்கும் நடுவில் ஒரே மனிதர் நிற்கிறார்: மைக்கேல் ஃபாரடே. கொல்லர் மகன். 1819ல் இந்திய எஃகைப் பகுத்துப் பார்த்து, அதன் சிறப்புக்கு அலுமினியம் காரணம் என்று தவறான முடிவுக்கு வந்தார். பிறகு கத்தி செய்யும் ஸ்டோடார்ட் என்பவருடன் சேர்ந்து, அதைப் போலச் செய்யும் முயற்சியில் எஃகோடு வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் என்று விலையுயர்ந்த உலோகங்களை எல்லாம் கலந்து பார்த்தார். ஆவாரங்குச்சி போட்டுச் செய்ததற்கு ஈடாகப் பிளாட்டினம் போட்டுப் பார்த்தார் என்பது வேடிக்கைதான். இன்று நடப்பது அதற்கு நேர் எதிர்: பிளாட்டினம் செய்வதைக் கரி போட்டுச் செய்யப் பார்க்கிறார்கள்.

அதே ஃபாரடே 1834ல் வேறொன்றை எழுதினார். சுத்தமான பிளாட்டினத் தகட்டை ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த குழாயில் வைத்தால், சாதாரண வெப்பத்திலேயே இரண்டும் சேர்ந்து தண்ணீராகின்றன, தகடு தேய்வதில்லை, தகட்டில் அழுக்குப் படிந்தால் வேலை நின்றுவிடுகிறது. 1823லேயே ஜெர்மனியில் டோபரைனர், பிளாட்டினப் பஞ்சின் மேல் ஹைட்ரஜனை ஊதி நெருப்பு வரவழைத்துக் காட்டியிருந்தார். 1835ல் பெர்சீலியஸ் இப்படிப்பட்ட செயல்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரு பெயர் வைத்தார். அதைத்தான் பாடப்புத்தகத்தில் வினையூக்கம் என்று படிக்கிறோம்.

அதற்குப் பிறகு பிளாட்டினம் இல்லாத இடமே இல்லை. பெட்ரோல் சுத்திகரிப்பு, கார் புகைக்குழாய், எரிபொருள் கலம், தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கும் கருவி. சிக்கல் என்னவென்றால் அது பூமியில் மிக அரிது. பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. ஒரு சின்னக் கல்லூரி ஆய்வகத்தில் பிளாட்டினம் உப்பு ஒரு கிராம் வாங்குவதற்குள் அந்த ஆண்டின் பாதிப் பணம் போய்விடும்.

மாலிப்டினத்தின் கதை இன்னொரு வழியில் வருகிறது. அதன் தாது பார்ப்பதற்குப் பென்சில் கரி மாதிரியே இருக்கும். தொட்டால் கையில் கறுப்பாக ஒட்டும். நூற்றாண்டுக்கணக்கில் இரண்டையும் ஒன்றென்றே நினைத்தார்கள். 1778ல் சுவீடனின் ஷீலே இரண்டும் வேறு என்று காட்டி, மாலிப்டினத்தின் ஆக்சைடைப் பிரித்தார். 1781ல் அவர் நண்பர் ஹியெல்ம் அந்த ஆக்சைடைக் கரியோடும் ஆளிவிதை எண்ணெயோடும் பிசைந்து, மூடிய மூசையில் சுட்டு உலோகமாக்கினார். மறுபடியும் மூசை, மறுபடியும் கரி! 1890களில் பாரிஸின் மொய்சான் தன் மின்வில் உலையில் பல உலோகங்களின் கார்பைடுகளைச் செய்தபோது மாலிப்டினம் கார்பைடையும் செய்தார். அது கடினமான பொருள், உருகுநிலை 2600 டிகிரிக்கு மேல். வெட்டும் கருவிகளுக்கு ஆகும் என்று பார்த்தார்களே தவிர, வினையூக்கி என்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

1973ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லெவி, மைக்கேல் பூடார்ட் என்ற இருவர் டங்ஸ்டன் கார்பைடைப் பற்றி இரண்டு மூன்று பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார்கள். டங்ஸ்டன் மாலிப்டினத்தின் தனிமவரிசை அட்டவணை அண்ணன், நேர் கீழே இருப்பது. டங்ஸ்டன் தனியாகச் செய்யாத சில வேலைகளை, கரி புகுந்த பிறகு பிளாட்டினம் போலச் செய்கிறது என்பது அவர்கள் சொன்ன செய்தி. கரி அணு உள்ளே போனதும் உலோகத்தின் எலக்ட்ரான் அமைப்பே மாறி, பிளாட்டினத்தின் அமைப்பை நெருங்குகிறது என்று விளக்கம் கொடுத்தார்கள். அதுவரை கரி என்றால் எரிபொருள், அல்லது உலோகத்தைக் கடினமாக்குவது. இப்போது அது உலோகத்தை வேறொரு உலோகம் போல நடிக்கவைக்கிறது! நியாயமாகப் பார்த்தால் கதையின் பெரிய திருப்பம் இதுதான்.

ஆனால் மொய்சான் முறையில் செய்த கார்பைடு கல் மாதிரி. வினையூக்கம் மேற்பரப்பில் நடப்பது. கல்லுக்கு மேற்பரப்பு எங்கே? அதனால் 1980களில் பூடார்டின் மாணவர்கள் வேறு வழி பிடித்தார்கள். மாலிப்டினம் ஆக்சைடு பொடியின் மேல் மீத்தேனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவை ஓடவிட்டு, வெப்பத்தை மிக மெதுவாக, நிமிடத்துக்குச் சில டிகிரி என்று ஏற்றினார்கள். அவசரப்பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். மெதுவாகப் போனால் நுண்துளைகளோடு கூடிய கார்பைடு கிடைக்கும்.

இன்னும் எளிய வழி, மாலிப்டினத்தைக் கரியின் மேலேயே வைத்துவிடுவது. இதற்கு வேண்டியவை அம்மோனியம் மாலிப்டேட் (பி.எஸ்சி. ஆய்வகத்தில் பாஸ்பேட் சோதனைக்கு வைத்திருப்பார்களே, அதே பாட்டில்), கிளர்வூட்டிய கரி, ஒரு குழாய் உலை, ஹைட்ரஜன் சிலிண்டர். உப்பைத் தண்ணீரில் கரைத்து, கரியின் துளைகள் குடிக்கும் அளவு மட்டும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கூடுதலாக விட்டால் உப்பு வெளியே படிந்துவிடும். 110 டிகிரியில் காய வைத்து, பிறகு ஹைட்ரஜனில் சூடேற்ற வேண்டும். 500 டிகிரிக்குள் மாலிப்டினம் ஆக்சைடு தன் ஆக்சிஜனில் ஒரு பகுதியை இழக்கும். 650, 700 டிகிரியை நெருங்கும்போது தாங்கியாக இருக்கும் கரியே உணவாகி, மாலிப்டினத்துக்குள் நுழையும். இரண்டு மாலிப்டினம் அணுவுக்கு ஒரு கரி அணு. படுக்கையாக இருந்ததே சோறாகவும் ஆகிவிடுகிறது! வெப்பம் போதாவிட்டால் ஆக்சைடு மிச்சம் இருக்கும். அதிகமானால் துகள் பெருத்துவிடும், கரித்தாங்கியின் துளைகளும் கெடும். மேலே வேண்டாத கரி படிந்தாலும் மேற்பரப்பு மூடிக்கொள்ளும். எவ்வளவு, எத்தனை நேரம், எப்படி ஆற வைப்பது... பழைய மூசைக்காரரின் கேள்விகளேதான்.

ஆற வைப்பதில் இன்னொரு கண்டமும் உண்டு. புதிதாகச் செய்த கார்பைடு பொடியைச் சட்டென்று காற்றில் திறந்தால் தானே பற்றிக்கொள்ளலாம். அதனால் நூற்றில் ஒரு பங்கு ஆக்சிஜன் மட்டும் கலந்த மந்த வாயுவைச் சில மணி நேரம் ஓடவிட்டு, மேலே மெல்லிய ஆக்சைடு தோல் போர்த்திய பிறகுதான் வெளியே எடுப்பார்கள்.

செய்வது இவ்வளவுதான். செய்ததைப் படிப்பதுதான் கடினம். எக்ஸ் கதிர் விளிம்பு வளைவில் 34.4, 38, 39.4 டிகிரிகளில் மூன்று சிகரங்கள் தெரிந்தால் கார்பைடு பிறந்துவிட்டது. ஆனால் துகள் மிக நுண்ணியதாக இருந்தால் சிகரமே எழும்பாது. அப்போது மின்னணு நுண்ணோக்கி வேண்டும். மேற்பரப்பைக் கணக்கிட நைட்ரஜன் உறிஞ்சும் கருவி, மேலே ஆக்சைடு எவ்வளவு என்று பார்க்க இன்னொரு கருவி. ஒவ்வொன்றும் லட்சங்கள், சில கோடிகள். சென்னை ஐ.ஐ.டி.யில் 2006ல் தேசிய வினையூக்க ஆய்வு மையம் வந்தபோது இப்படிப்பட்ட கருவிகள் ஓரிடத்தில் சேர்ந்தன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகளும் அரசு கலைக் கல்லூரிகளும் இருக்கின்றன. உப்பு, கரி, உலை மூன்றையும் வைத்து ஒரு சிறிய கல்லூரியில் கார்பைடு செய்துவிடலாம். அது கார்பைடுதான் என்று நிரூபிக்கப் பொட்டலம் கட்டிக்கொண்டு சென்னைக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கும். பிளாட்டினத்தின் விலை பெரிய சுவர் என்றால், கருவிகளின் விலை அதற்குப் பின்னால் நிற்கும் இரண்டாவது சுவர். இதைப் பற்றிக் கட்டுரைகளில் யாரும் எழுதுவதில்லை.

2012ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வ்ரூபெல், ஹூ என்ற இருவர், கடையில் விற்கும் மாலிப்டினம் கார்பைடு பொடியையே எடுத்து, அது அமிலத்திலும் காரத்திலும் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க உதவுகிறது என்று காட்டினார்கள். அதன் பிறகு கட்டுரைகள் வெள்ளமாக வந்தன. அவற்றில் மிக அழகானது 2013ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்திலிருந்து வந்தது. சோயா விதையை அரைத்து, அம்மோனியம் மாலிப்டேட் கரைசலில் கலந்து, காய வைத்து, மந்த வாயுவில் சுட்டார்கள். சோயாவின் கரி கார்பைடைத் தந்தது. அதன் புரதத்திலிருந்த நைட்ரஜன் நைட்ரைடைத் தந்தது. கார்பைடு வேலை செய்தது, நைட்ரைடு அமிலத்தைத் தாங்கவைத்தது. கிராஃபீன் தகடுகளின் மேல் வைத்தபோது பிளாட்டினத்தை நெருங்கியது. இந்த வேலையில் பள்ளி மாணவிகளான சகோதரிகள் இருவரும் பங்கு கொண்டு, கட்டுரையில் ஆசிரியர்களாகவும் இடம்பெற்றார்கள். இலை, தண்டு, பூ, விதை என்று பலவற்றைச் சோதித்துத்தான் சோயாவில் வந்து நின்றார்கள். ஆவாரங்குச்சியிலும் எருக்க இலையிலும் வந்து நின்றவர்களும் இப்படித்தான் எத்தனையைப் போட்டுப் பார்த்திருப்பார்களோ!

இத்தனைக்கும் பிளாட்டினம் இன்னும் சிம்மாசனத்தை விட்டு இறங்கவில்லை. அமிலச் சவ்வு வைத்து ஹைட்ரஜன் பிரிக்கும் ஆலைக் கருவிகளில் இன்றும் அதுதான். மாலிப்டினம் கார்பைடு மெதுவாக ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டு தளர்ந்துபோகிறது. ஆய்வகத்தில் சில நாள் ஓடுவது வேறு, ஆலையில் ஆண்டுக்கணக்கில் ஓடுவது வேறு. 'பிளாட்டினத்துக்கு மாற்று வந்துவிட்டது' என்று செய்தித்தாளில் வரும் தலைப்புகளைக் கொஞ்சம் தள்ளியே வைத்துப் படிக்கலாம். மாலிப்டினமும் நம் வீட்டுப் பொருள் இல்லை. அரூர், ஊத்தங்கரை வட்டாரத்துப் பாறைகளில் அது இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கண்டு ஆராய்ந்திருக்கிறது என்றாலும், தேவைக்கு வெளிநாட்டைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

சோயா என்றதும் திண்டிவனத்துக்காரர்களுக்கு மல்லாட்டை நினைவுக்கு வரும். இந்த ஊர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 ரகங்கள் இந்தியாவில் பல மாநிலங்களில் விதைக்கப்பட்டவை. டி.எம்.வி. என்பது திண்டிவனம்தான். சோயாவும் மல்லாட்டையும் ஒரே குடும்பம். இரண்டிலும் புரதம் நிறைய. மல்லாட்டைத் தோலைக் கரியாக்கிக் கிளர்வூட்டுவதும் புதிதல்ல.

ஆனால் மல்லாட்டைக் கொல்லையில் மாலிப்டினம் ஏற்கனவே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. வேர் முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியாவின் நைட்ரோஜினேஸ் என்ற நொதி, காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்குகிறது. உரத் தொழிற்சாலை 400 டிகிரிக்கு மேல், நூறு மடங்குக்கும் அதிகமான காற்றழுத்தத்தில் செய்வதை, அது மண்ணின் சூட்டிலேயே செய்கிறது. அந்த நொதியின் மையத்தில் ஏழு இரும்பு அணு, ஒரு மாலிப்டினம் அணு, ஒன்பது கந்தக அணு. நடுவில் இன்னோர் அணு இருப்பதை 2002லேயே பார்த்துவிட்டார்கள். அது நைட்ரஜனா, ஆக்சிஜனா, வேறெதுவுமா என்று பத்தாண்டு விவாதம் நடந்தது. 2011ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே விடை சொன்னன. ஆறு இரும்பு அணுக்களுக்கு நடுவில் பிடித்து வைத்தது போல இருந்தது ஒரு கரி அணு, கார்பைடு நிலையில்.

செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தால், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் நின்றுபோயிற்று.